அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

விமானச்சீட்டு விற்கிறவளுக்கு விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் சனம் வந்து கேட்பதெல்லாம் ஏறிப் போன ஆள் எப்போது திரும்பி வருவார் என்பதைத்தான்.

கல்முனை பஸாரில் எங்கள் கடை இருக்கிறது. என் கணவர் உம்றாக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் மக்காவிலும் மதீனாவிலும் இருப்பார். மீதிப் பாதியில் அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராகத் திரிவார். ஆகவே கடை என்றால் நான்தான். ஜித்தா, தோஹா, குவைத், துபாய் என்று நாலு பெயருக்கும் கண்ணை மூடிக்கொண்டு டிக்கட் போடுவேன். ஐந்தாவதாக ஒரு பெயர் வந்தால்தான் கண்ணைத் திறக்க வேண்டும்.

அப்படி என் கண்ணைத் திறக்க வைத்த ஒரு பயணத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது தூர தேசத்தில் இருப்பார்கள். போன் மணி அடித்தால் ஒரு பயம், அடிக்காவிட்டால் இரண்டு பயம் என்று நாளைக் கடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

போகவேண்டாம் என்று எழுதிய நாடு

நௌபர் சாய்ந்தமருதுக்காரர். நாற்பது வயதிருக்கும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் அவர் இளந்தாரி. அகதி முகாமில் தண்ணீர்த் தாங்கி பூட்ட வந்த நிவாரணக்காரரோடு ஒட்டிக்கொண்டு, குழாய்க்கிணறு தோண்டவும் கைப்பம்பு பழுதுபார்க்கவும் பழகிக்கொண்டார். முகாம்களை மூடின பிறகும் அந்தத் தொழில் அவரை விடவில்லை. வன்னி, மூதூர் என்று அதன் பின்னாலேயே போனார். பிறகு நிவாரணக்காரர் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போக, இங்கே அந்த வேலை இல்லாமல் போய்விட்டது.

ஒரு நாள் கடைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். ஒரு நிவாரண அமைப்பு ஒரு வருஷத் தண்ணீர்த் திட்டத்துக்கு அவரைக் கேட்டிருந்தது. நாடு மத்திய ஆபிரிக்கக் குடியரசு. நான் உலகப்படத்தில் விரலை வைத்துத் தேடினேன். நாலு பக்கமும் தரை, கடலே இல்லை. வெளிநாட்டு அரசாங்கங்கள் தங்கள் மக்களுக்கு எழுதி வைத்திருக்கும் பயண எச்சரிக்கைகளைக் கணினியில் எடுத்து, பிரிண்ட் அடித்து, அவருக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ஆயுதக் குழுக்கள், வழிமறிப்பு, ஆட்கடத்தல், மலேரியா, மழை பெய்தால் அறுந்துபோகிற பாதைகள், தலைநகரை விட்டால் ஆஸ்பத்திரி கிடைப்பது அரிது. எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில், போகவேண்டாம் என்று போட்டிருந்தது.

நௌபர் பொறுமையாகக் கேட்டார். கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"போகவேணாம் எண்டு எழுதினவனும் அங்க போய்ப் பாத்துத்தானே ராத்தா எழுதியிரிப்பான்?"

மக்காவுக்குப் போட்ட ஊசி

அந்தப் பக்கத்து நாடுகளுக்குப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, அதற்குரிய மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஊசிக்குக் கொழும்புக்குப் போகவேண்டும். அதுவும் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். நான் சொன்ன உடனேயே நௌபர் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கஷ்டம் தந்தவர் அதே கிழமை வந்த இன்னொருவர். மாணிக்கக் கல் வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார். கெமரூனில் கல் பார்க்கப் போகிறேன், வருகிற செவ்வாய்க்கிழமைக்கு டிக்கட் போடு என்று வந்து நின்றார். நான் பத்து நாள் கணக்கைச் சொன்னேன். ஊசி வேண்டாம், அட்டையை மட்டும் எங்கேயாவது எடுத்துத் தா என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. அட்டையைப் பார்த்துவிட்டுக் கடிக்காமல் போகிற நுளம்பு இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கடைசியில் பயணத்தைத் தள்ளிப்போட்டு, ஊசி போட்டுக்கொண்டுதான் போனார். ஆனால் அன்றைக்குச் சட்டைக் கையை மடித்து, ஹஜ்ஜுக்குப் போகும்போது ஊசி ஏற்றிய இடத்தைக் காட்டிக்கொண்டு அவர் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை:

"மக்காக்கு எண்டு போட்ட ஊசிக்கு மேலால இன்னொரு ஊசி இரிக்கா மகள்?"

சிஸ்டரின் முதல் கேள்வி

எச்சரிக்கைகளை எழுதினவர்கள் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்டில் வாழ்ந்து வந்த ஓர் ஆளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. விசாரித்ததில் சொறிக்கல்முனையில் ஒரு கன்னியாஸ்திரி இருப்பது தெரிந்தது. அந்த ஆபிரிக்க நாட்டில் ஒரு சிறிய மருந்தகத்தில் ஒன்பது வருஷம் வேலை செய்துவிட்டு ஓய்வுபெற்று ஊருக்கு வந்திருந்தார். ஒரு பின்னேரம் நௌபர் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, நான் ஆட்டோவில் பின்னே போனேன்.

நௌபர் துவக்கு ஏந்திய ஆயுதக் குழுக்காரரைப் பற்றிக் கேட்கத் தயாராக வந்திருந்தார். சிஸ்டர் முந்திக்கொண்டு, பல் ஏதும் குத்துகிறதா என்று கேட்டார். ஒரு கடைவாய்ப்பல் குத்தத்தான் செய்தது. போகமுதல் பிடுங்கிவிட்டுப் போ, அங்கே பல் வைத்தியருக்கு விமானத்தில் போகவேண்டி வரும் என்றார். பாஸ்போட்டின் பிரதியை மூன்று இடத்தில் வை. சோதனைச் சாவடியில் படம் எடுக்காதே. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ரோட்டில் இருக்காதே. கண்டவுடன் "பலாவோ" என்று சொல்லு, உதவி செய்தால் "சிங்கிலா" என்று சொல்லு, இந்த இரண்டு சொல்லும் வராதவனுக்கு அங்கே தண்ணீரும் வராது. நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். புறப்படும்போது வாசல்வரை வந்து, நௌபரிடம் இல்லை, என்னிடம் சொன்னார்:

"மழைக்காலத்தில பாலம் உடைஞ்சா அங்க போன் கதையும் நிண்டு போகும், அதுக்குப் பயப்பிடாதீங்க, ஆனா நிண்டு போனா ஆருக்குச் சொல்லுறதெண்டு போக முதல் முடிவெடுத்து வையுங்க."

நான் யார்

அமைப்பிலிருந்து ஒரு கட்டு ஆங்கிலப் படிவம் வந்தது. நிரப்பிக் கொடுப்பது எங்கள் கடையின் இலவச சேவை. இரத்தவகை, ஒவ்வாமை, மத வழக்கப்படி உணவு என்று எல்லாம் வேகமாகப் போனது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்துக்கு வந்ததும், பழக்கதோஷத்தில் என் பெயரையும் எங்கள் கடை நம்பரையும் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

இதை நான் விளக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் படிவத்திலும் இப்படித்தான் செய்துவருகிறேன். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெண்களின் நம்பரை முன்பின் தெரியாதவனுக்குக் கொடுக்க விரும்புவதில்லை. வாப்பாமார் போனை எடுத்தால் ஆங்கிலத்தைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். அதனால் கடை நம்பர். உறவுமுறை என்ற கட்டத்தில் சகோதரி என்று எழுதினேன். ராத்தா என்று கூப்பிடுகிறாரே, அது பொய்யில்லைதானே என்று எண்ணிக்கொண்டேன். சிஸ்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்து, உங்கள் மனைவியின் நம்பரைப் போடுவோமா தம்பி என்று கேட்டேன். நௌபர் பதறிப்போனார். பொம்புளைட நம்பரை வெள்ளைக்காரனுக்குக் குடுக்கிறதா என்றார். நானும் பொம்புளதானே தம்பி என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்த விஷயம் அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை என்று முகமே சொன்னது.

"நீங்க கடை, ராத்தா."

யாருக்கும் தெரியாத நாலு விஷயம்

கடைசிப் பக்கம் வேறு மாதிரியானது. ஒருவேளை யாராவது அவரைக் கடத்திக்கொண்டு போனால், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று அமைப்பு உறுதிப்படுத்த வேண்டும். அதற்காக அவரிடம் மட்டும் பதில் இருக்கிற நாலு கேள்விகளை அவரே எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அதைத் தனியாக எழுதி மூடிக் கொடுக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. ஆனால் அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. தமிழில் எழுதித் தாருங்கள், நான் தட்டுகிறேன் என்று சொல்லி, வெற்றுத் தாள் ஒன்றைக் கொடுத்தேன்.

அரைமணி நேரம் தாள் வெறுமையாகவே கிடந்தது. எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். மாமியும் மச்சினிமாரும் ஒரே வளவுக்குள் இருப்பார்கள். மாமிட வீட்டில இரிக்கிறவனுக்கு ஆருக்கும் தெரியாத விசயம் எங்கால ராத்தா என்று தலையைச் சொறிந்தார். ஒருவழியாக மூன்றைத் தேடிப்பிடித்தார். முதல் பழுதுபார்த்த பம்பு எது, வன்னியில் எந்த விரலில் அடிபட்டது, அந்த மாதிரி. நாலாவதை நீண்ட நேரம் யோசித்து எழுதித் தந்தார். நான் படித்தேன்.

கேள்வி: நான் எந்த நாட்டில் இருப்பதாக என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள்? பதில்: துபாய்.

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். துபாய்ல இறங்கித்தானே ராத்தா மாறிப் போறன், முழுப் பொய்யில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் படிவத்தைக் கிழித்திருப்பேன். அவர் மனைவி பர்ஹானாவை எனக்கு ஓரளவு தெரியும். அவளுடைய வாப்பாவையும் சின்னத் தம்பியையும் கடல் கொண்டு போனது. அதற்குப் பிறகு மழை கொஞ்சம் பலமாகப் பெய்தாலே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று கேள்வி. நான் வாயைத் திறக்க முன்பு நௌபர் சொன்னார்:

"துபாய் எண்டா அவ தூங்குவா, ஆபிரிக்கா எண்டா தூங்கமாட்டா, ஒரு வருசம் ஒரு ஆள் தூங்காம இரிக்க ஏலுமா ராத்தா?"

இரண்டு பை

அந்தக் கேள்வியில் நான் கவிழ்ந்தேன். அவர் எழுதியபடியே தட்டிக் கொடுத்தேன், பர்ஹானாவிடம் சொல்வதில்லை என்றும் ஒத்துக்கொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் எங்கள் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பயணம் சொல்லுவார். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார். சனமெல்லாம் கட்டிப்பிடித்து அழும். அதே ஆள் வேலைக்கு வெளிநாடு போனால், கண்ணூறுக்குப் பயந்து, ஏர்போட்டுக்குப் போகிற வான் வண்டி வந்து வாசலில் நிற்கும்வரை பக்கத்து வீட்டுக்கும் மூச்சு விடமாட்டார். அதனால் நௌபர் எங்கே போகிறார் என்று யாரும் துருவவில்லை. வீட்டில் பர்ஹானா மெல்லிய சட்டைகள், மாசிச் சம்பல், தொதல் என்று ஒரு பை கட்டினாள். துபாய் வெயிலுக்கு ஒரு தொப்பியும் வைத்தாளாம். என் மேசைக்குக் கீழே இன்னொரு பை வளர்ந்துகொண்டிருந்தது. நுளம்பு வலை, றப்பர் சப்பாத்து, தலையில் கட்டுகிற டோர்ச், மலேரியா மாத்திரை, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற்று, பாஸ்போட் பிரதிகள். சிஸ்டரின் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாக நானே வாங்கி அடுக்கினேன். பயணத்தன்று வான் கடை வாசலில் நின்றபோது இரண்டு பையையும் பின்னால் ஏற்றிவிட்டு நௌபர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"துபாய்ப் பையை அவ கட்டினா, ஆபிரிக்காப் பையை நீங்க கட்டினீங்க, நான் ஒண்டும் கட்டல்ல ராத்தா."

சகோதரிக்கு ஓர் அழைப்பு

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. துபாய் விமான நிலையத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பி வீட்டை நம்பவைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குரல் செய்தி அனுப்பி வந்தார். துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க முடியாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அது அவருக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

ஒரு புதன்கிழமை காலை கடை போன் அடித்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண். என் பெயரைச் சொல்லி, நௌபரின் சகோதரிதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். உங்கள் சகோதரர் இருந்த வாகனம் கிணறு பார்க்க ஒரு கிராமத்துக்குப் போனது. மழையில் பின்னால் ஒரு பாலம் உடைந்துவிட்டது. அந்தப் பாதையில் துப்பாக்கிச் சூடும் நடந்ததாகத் தகவல். மூன்று நாளாகத் தொடர்பு இல்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து குடும்பத்தாருக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்னாள். உங்கள் சகோதரர், உங்கள் சகோதரர் என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் நான் எழுதிய பொய்க்கு அந்தப் பெண் எவ்வளவு மரியாதையாகக் கதைக்கிறாள்.

அன்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நாளைக்கு நல்ல செய்தி வந்துவிடும், இன்றைக்கே ஏன் ஒரு பெண்ணின் நித்திரையைக் கெடுக்கவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நௌபர் சொன்ன அதே நியாயம்தான். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கடைகள் பூட்டுகிற நேரத்தில் பர்ஹானாவே வந்து நின்றாள். வியர்த்திருந்தது. அவர்ட மெசேஜ் நாலு நாளா இல்ல ராத்தா, டிக்கட் நீங்கதானே போட்ட, துபாய்க் கம்பனிட நம்பர் ஒண்டு தாங்க என்றாள்.

நான் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அவளை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நாடு, பாலம், துப்பாக்கிச் சூடு, படிவம், மேசைக்குக் கீழே இருந்த பை. அவள் அழவில்லை. ஒரு மெசேஜில் சேவல் கூவிச்சு, துபாய்லயும் கோழி வளப்பாங்க எண்டு நினைச்சன் என்றாள். எனக்குத் தாங்கவில்லை. நான் கடை நடத்துறவ மகள், வாற ஆக்கள் சொல்ற ரகசியத்தை வெளிய சொல்ல ஏலா என்று ஏதோ உளறினேன். அவள் எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப நீங்க கடையா ராத்தா, பொம்புளையா?"

சீனி இல்லாத தேத்தண்ணீர்

படிவத்தில் இருந்தது என் நம்பர். செய்தி என்ன வந்தாலும் எனக்குத்தான் வரும். ஆகவே கடை போனைக் கையில் எடுத்துக்கொண்டு தினமும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுக்குப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதென்று முடிவெடுத்தேன். முதல் நாள் பர்ஹானாவின் உம்மா என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணீரும் வரவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணீர் வந்தது, சீனி இல்லாமல். நான் குடித்தேன். குடிக்க வேண்டியதுதான்.

அமைப்பின் பெண் ஒவ்வொரு நாளும் எடுத்தாள். புதிதாக ஒன்றுமில்லை என்றே ஒவ்வொரு நாளும் சொன்னாள். அந்த ஒன்றுமில்லையை ஆங்கிலத்தில் கேட்டு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சிஸ்டருக்குப் போன் போட்டேன். பாலம் உடைந்தால் ஒரு கிழமை, பத்து நாள் கூட ஆகும், கிராமத்துச் சனம் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும், அந்த இரண்டு சொல்லும் அவருக்குத் தெரியும்தானே என்றார். அதைப் பர்ஹானாவிடம் சொன்னேன். அவள் பலாவோ, சிங்கிலா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ச் சிஸ்டரின் கொப்பியை, நான் கொடுத்திருந்ததை, எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். சுபைர் என்ற அவளுடைய மூத்த மகன் உலகப்படத்தில் அந்த நாட்டைத் தேடி மையால் வட்டம் போட்டான். அந்த வீட்டில் நாலு நாளும் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் யாரும் யாருக்கும் எதையும் மறைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீரில் அரைக் கரண்டி சீனி இருந்தது. வைத்துவிட்டு உம்மா சொன்னார்:

"அவன் வந்த உடன முதல்ல ஏசுறது நான், மறுகா நீங்க, அதுக்குப் புறகுதான் அவ."

துபாயிலிருந்து ஒரு குரல்

நாலாம் நாள் என் போன் அடிக்கவில்லை. பர்ஹானாவின் போன் அடித்தது. நம்பர் காட்டாத அழைப்பு. அவள் போனை என் பக்கம் நீட்ட, நானே தொட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"புள்ள, நான்தான். பயந்திட்டியா? இஞ்ச துபாய்ல எங்கட கேம்ப்ல லைன் எல்லாம் பழுது. இப்பதான் சரியாக்கினாங்க."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. பின்னால் நூற்றுக்கணக்கில் தவளை கத்திக்கொண்டிருந்தது. பாலம் உடைந்து அந்தக் கிராமத்தில் மாட்டிக்கொண்டிருந்தவர், யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியைக் கெஞ்சி வாங்கி எடுத்திருக்கிறார் என்று பிறகு அறிந்தோம். எங்கள் வயலோரத்துத் தவளைகள்கூட அப்படிக் கத்தாது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பர்ஹானா கையை உயர்த்தித் தடுத்தாள். அவர் சொல்வதை முழுவதும் கேட்டாள். துபாயில் வெயில் தாங்கவில்லையாம், கம்பனியில் வேலை அதிகமாம், சாப்பாடு பரவாயில்லையாம். படிவத்தில் எழுதிய நாலாவது கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்:

"அவருதான் ராத்தா, பொய் சொல்றாரு, உசிரோடதான் இரிக்காரு."

கடைக்குத் தெரியக்கூடாதது

ஒப்பந்தம் முடித்து நௌபர் ஊருக்கு வந்தார். மெலிந்திருந்தார், மற்றபடி சுகம். மாமி ஏசினார். நான் ஏசினேன். பர்ஹானா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முதல் கிழமை முழுவதும் அவர் தான் கொண்டுவந்த நுளம்பு வலைக்குள் விறாந்தையில் தனியாகப் படுத்ததாக மாமி பாதி ஊருக்குச் சொல்லியிருந்தார்.

அமைப்பு இன்னொரு வருஷத்துக்குக் கேட்டது. இந்த முறை போவதா வேண்டாமா என்பதை வீட்டில் எல்லாரும் இருந்து கதைத்து முடிவெடுத்தார்களாம். போகட்டும் என்று கடைசியில் சொன்னது பர்ஹானா. தண்ணியால வாப்பாவைப் பறிகுடுத்த எனக்குத் தண்ணி இல்லாத ஆக்கள்ட கஷ்டம் விளங்கும் என்றாளாம். எனக்கு அதை நௌபர் சொன்னபோது நான் கணினித் திரையைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகமுதல் நௌபர் ஹஜ்ஜுக்குப் போகிறவரைப் போல் வீடு வீடாகப் போய், ஆபிரிக்காவுக்குப் போகிறேன் என்று பயணம் சொன்னார். கண்ணூறு பட்டால் படட்டும் என்று பர்ஹானாதான் அனுப்பினாளாம்.

படிவம் நிரப்ப இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். துபாய்க்கென்றாலும் சரி, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அந்தக் கட்டத்தை நிரப்புவேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்களும் உண்டு, போகட்டும். பர்ஹானா பேனையை வாங்கி, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் நம்பரையும் கட்டத்துக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாக எழுதினாள். உறவுமுறையில் மனைவி என்று எழுதி அதன் கீழே ஒரு கோடும் போட்டாள். பிறகு அந்தக் கடைசிப் பக்கம் வந்தது. நாலு கேள்விகள். நான் வழக்கம்போல் வெற்றுத் தாளை நீட்டினேன். ஆங்கிலத்தில் மாற்ற மகன் இருக்கிறான் என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டாள். கணவரின் காதில் ஏதோ கேட்டாள். அவர் வெட்கப்பட்டு ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு. யாருக்கும் தெரியாத விஷயங்கள் அவர்களிடம் இவ்வளவு இருந்திருக்கின்றன. அவள் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்:

"ராத்தா, குறை நினைக்காதீங்க, கொஞ்சம் வெளிய நில்லுங்க, இது கடைக்குத் தெரியப்படா."

பதினெட்டு வருஷத்தில் நான் செய்த பயண ஏற்பாடுகளில் உருப்படியானது எது என்று யாராவது கேட்டால், என் சொந்தக் கடை வாசலில் பத்து நிமிஷம் வெயிலில் நின்றதுதான் என்று சொல்வேன்.